மாநாட்டு நிரலும் அக்காள்மடமும்

பொறியியல் மாநாடுகளின் வெற்றியை நாம் இன்னும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளந்துகொண்டிருக்கிறோம். ஒரே வேளையில் பல அரங்குகள். ஆளுக்குச் சில நிமிடங்கள். தலைமையுரை நீண்டால் முதலில் வெட்டுப்படுவது விவாதம். இது நிரலன்று, வெறும் பட்டியல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாட்டை எண்ணிப் பாருங்கள். விசைப்பலகை எது, எழுத்துக் குறியீடு எது என்று முடிவுகாணும் நோக்கம் அதற்கு இருந்தது. தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. அதன் குறியீடுகளை யூனிகோடு ஓரங்கட்டிவிட்டதே என்பர். ஆகட்டும், மறுப்பதற்கேனும் ஒரு முடிவு இருந்ததே!

பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்தது. 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அரிப்பைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அருகே அக்காள்மடத்தில், படகின் இரும்பு துருவேறுவதை நாள்தோறும் காணும் மீனவர் தமிழில் ஒரு கேள்வி கேட்க எந்த அமர்வில் இடமுண்டு?

தரம் குறைந்துவிடும் என்பது சாக்கு. மதிப்பீட்டாளர் கட்டுரைகளைச் சலிக்கட்டும். கேள்விகளைச் சலிக்க அவருக்கு உரிமையில்லை. கட்டுரைகளைப் பாதியாக்குங்கள், மீந்த பொழுதை விவாதத்துக்குக் கொடுங்கள். உப்புக்காற்று நம் சான்றிதழ்களைப் படிப்பதில்லை.