லால்பாக்கில் ஜானகி அம்மாளுக்கு ஒரு பாத்தி

மதிப்புக்குரிய கர்நாடகத் தோட்டக்கலைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடத்துகிறீர்கள். ராஜ்குமார், புனித் ராஜ்குமார், அம்பேத்கர், வால்மீகி என்று மக்கள் போற்றுகிறவர்களைப் பூக்களால் நினைவுகூரும் நல்ல வழக்கமும் அங்கே வேரூன்றியிருக்கிறது. அந்த வரிசையில் ஒரு கண்காட்சியைத் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாளுக்கு அளியுங்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அவர் பெயரில் நிலையான பாத்தி ஒன்று லால்பாக்கில் இருக்கட்டும். இதைக் கேட்கவே இம்மடல்.

ஜானகி 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1931இல் அங்கேயே அறிவியல் முனைவர் ஆனார். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய காலம் அது.

1934இல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தடித்த, இனிப்பான கரும்பு நோயையும் குளிரையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் எதையும் தாங்கும். அந்த நிலையத்தின் கரும்பு அறிஞர்களான பார்பரும் வெங்கட்ராமனும் இந்த இரண்டையும் கலந்து, 1918இல் கோ 205 ரகத்தை வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கலப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் ஜானகி. கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். ஒரே பெயரில் அழைக்கப்படும் நாணல், இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கையில் மாறுபடுகிறது. ஆகவே ஓர் ஊரில் ஒரு தூறு எடுத்தால் போதாது. பல ஊர்களில் தேடி எடுக்க வேண்டும், எங்கே எடுத்தோம் என்று குறித்துவைக்க வேண்டும். தாவரச் சேகரிப்பு பொழுதுபோக்கு அன்று, உழவுக்கு அடிப்படை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்று பெலகாவியிலும் மண்டியாவிலும் வெட்டப்படும் 'கோ' ரகக் கரும்பில் அந்தக் காட்டு நாணலின் வழிவந்த உறுதி இருக்கிறது.

பெங்களூருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். சர் சி. வி. ராமன் 1934இல் இந்திய அறிவியல் அகாதமியை இந்த நகரில்தான் நிறுவினார். மறு ஆண்டே அதன் உறுப்பினராக ஜானகி தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவியல் மன்றங்களில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்த நாளில், பெங்களூர் அவருக்கு இடம் தந்தது. இந்தப் பெருமையை நகரம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் லண்டனில் இருந்தார். ஜான் இன்னெஸ் நிறுவனத்தில் மரபியலாளர் சி. டி. டார்லிங்டனோடு உழைத்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார். பிறகு விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் பணி. கோல்சிசின் என்ற மருந்தைக் கொண்டு மக்னோலியாவின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அந்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. இங்கிலாந்தில் அவர் பெயரில் மரம் இருக்கிறது. இந்தியாவின் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் ஒன்றிலும் அவர் பெயர் இருக்க வேண்டாமா?

நேரு அழைத்ததால் நாடு திரும்பினார். 1952இல் இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலர் ஆனார். நம் காடுகளில் எடுத்த செடிகளின் மாதிரிகள் அயல்நாட்டுக் காப்பகங்களில் கிடப்பது அவரை வருத்தியது. நம் செடிகளை நாமே சேகரித்து, நாமே பெயரிட்டு, நம்மிடமே காக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1955இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை மாற்றிய விதம் குறித்து நடந்த உலக அறிஞர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். பழங்குடி மக்களின் செடியறிவை அறிவியலாகவே மதித்தார்.

எண்பதை எட்டிய வயதிலும் அவர் ஓயவில்லை. சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்துகொண்டே, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தார். அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். 1984 பிப்ரவரி 7 அன்று காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அமைச்சர் அவர்களே, லால்பாக்கும் சேகரிப்பாளர்கள் கட்டிய தோட்டம்தான். 1760இல் ஹைதர் அலி தொடங்கினார். திப்பு தொலைதேசங்களிலிருந்து செடிகளும் விதைகளும் தருவித்தார். பின்னர் தோட்டத்தின் பொறுப்பாளர்களாகக் கேமரூன் வந்தார், ஜெர்மானியரான கிரம்பிகல் வந்தார். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்று நறுக்கப்படும் சௌசௌ, கேமரூன் காலத்தில் இந்த நகருக்கு வந்தது என்பார்கள். செடி எந்த நாட்டுச் செடி, ஆள் எந்த ஊர் ஆள் என்று லால்பாக் பார்த்ததில்லை. தலச்சேரிப் பெண்ணுக்கு அங்கே இடமில்லாமல் போகாது.

அவர் பெயரிலான பாத்தியில் அழகுச் செடிகள் வேண்டாம். நாம் உண்ணும் பயிர்களின் காட்டு உறவுகளை வையுங்கள்: கரும்புக்கு நாணல், நெல்லுக்குக் காட்டு நெல், கத்திரிக்குக் காட்டுக் கத்திரி, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு மிளகு, மலைநாட்டு ஊறுகாய்க்குப் பேர்போன அப்பெமிடி மா. ஒவ்வொன்றின் அருகிலும் பெயரோடு, எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எடுத்தது என்ற குறிப்பும் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இந்திய அறிவியல் அகாதமியையும் வேளாண் பல்கலைக்கழகத்தையும் துணைக்கு அழையுங்கள். ஆண்டுதோறும் சில கல்லூரி மாணவியரைக் காட்டுக்கு அனுப்பி, செடி எடுக்கவும் உலர்த்திப் பதியவும் பழக்குங்கள். அரசுக்கு இது பெரிய செலவே இல்லை.

பருவமழை தவறுகிறது, புதுப் பூச்சிகள் வருகின்றன. நாளைய பயிருக்குத் தேவையான வலிமை, வேலியோரத்திலும் ஆற்றங்கரையிலும் கவனிப்பாரற்று நிற்கும் செடிகளில்தான் இருக்கிறது. அவற்றைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் ஈடுசெய்ய முடியாது.

வருகிற நவம்பர் 4, ஜானகி அம்மாளின் பிறந்தநாள். அன்றே இந்த அறிவிப்பை நீங்கள் வெளியிட வேண்டும் என்று பணிவோடும் உரிமையோடும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லால்பாக்கை நேசிக்கும் பெங்களூர்த் தமிழர் ஒருவர்