வேகத்துக்குக் கடிவாளம் யார் கையில்?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன், வாசலூர்பட்டி, கொல்லிமலை)



கொல்லிமலை என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது ஆகாய கங்கையோ, அறப்பளீசுவரர் கோயிலோ அல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்தான்! "மச்சி, எழுபதையும் எத்தனை நிமிஷத்துல ஏறுன?" என்று நம் ஹாஸ்டலிலேயே கேட்கிறார்கள். அந்தச் சாலை உங்களுக்கு ஒரு பந்தயம். வாசலூர்பட்டிக்காரனான எனக்கு அது ரேஷனுக்கும், பள்ளிக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வேகக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே நம் வகுப்பில் இரண்டு கட்சி. "எல்லாம் வசூல்தான்பா, மாசக் கடைசி ஆனா மறிப்பாங்க" என்பது ஒரு கட்சி. "அபராதத்தைப் பத்து மடங்கு ஆக்கு, தானா அடங்குவான்" என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மை என்பது என் கருத்து.

முதலில் முதல் கட்சிக்கு. நெடுஞ்சாலைப் பாடத்தில் நாம் படித்த 'நிறுத்தப் பார்வை தூரம்' நினைவிருக்கிறதா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் அட்டவணைப்படி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 20 மீட்டர் போதும். 40 கிலோமீட்டர் என்றால் 45 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது தூரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. இயக்க ஆற்றலோ நான்கு மடங்கு! இதுவும் சமதளக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவுக்குக் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் 20 கிலோமீட்டர்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது தெரியாத இடத்தில் நாற்பதில் திரும்புகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. எதிரே விறகுக் கட்டோடு நடந்து வரும் கிழவியின் உயிரையும் சேர்த்தே வைக்கிறான்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு: இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். இவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அதிவேகத்தின் தலையில் எழுதப்பட்டவை. விபத்து எண்ணிக்கையில் முதலிடம் யாருக்கு? நம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105 விபத்துகள்! இதையெல்லாம் பார்த்துவிட்டும் "வசூல்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க முடியுமா?

இப்போது இரண்டாம் கட்சிக்கு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றினார்கள். முன்பு முதல் தடவைக்கு அதிகபட்சம் 400 ரூபாயாக இருந்தது, இப்போது கார் போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 வரை, கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய கட்டணங்கள் நடைமுறைக்கு வந்தன. சரி, இது யாருக்கு வலிக்கிறது? விலை உயர்ந்த பைக்கில் வார இறுதிக்கு வருகிறவனுக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். அன்னாசியும் மரவள்ளியும் ஏற்றி இறக்கும் மினி லாரி டிரைவருக்கு அது கூலியில் விழும் வெட்டு. குற்றம் ஒன்று, அபராதம் ஒன்று. ஆனால் அடி ஒன்றா? பின்லாந்து நாட்டில் பெரிய வேக மீறல்களுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். 2023-இல் அங்கே ஒரு கோடீஸ்வரர் கட்டிய தொகை 1,21,000 யூரோ! அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, உண்மைதான். ஆனாலும் "எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதான் சமநீதி" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இன்னொரு சங்கதி. நம் நாமக்கல் மாவட்டம் லாரிக்குப் பேர் போனது. "விடியக்காலை நாலு மணிக்கு லோடு மார்க்கெட்டுல இருக்கணும்" என்று போனில் சொல்கிறவர் கட்டிலில் படுத்திருப்பார். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். சீட்டு யார் பேரில் கிழிகிறது? சட்டத்தின் 183-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தேன். வேகவரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தைக் குறித்துக் கொடுத்தால், அப்படிக் குறித்தவருக்கு எதிராக அதுவே முதல்நோக்குச் சான்று என்று அதில் இருக்கிறது. ஒரே ஒரு சாட்சி "பார்த்தா வேகமாத்தான் வந்தான்" என்று சொன்னால் மட்டும் போதாது, கருவியால் அளந்த அளவு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எத்தனை டிரைவர்களுக்கு இது தெரியும்?

2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ-வையும் பாருங்கள். கேமரா வைத்த சாலைப் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஆக, நியாயத்துக்கான விதிகள் காகிதத்தில் இருக்கின்றன. அவை சாலைக்கு இறங்கி வர வேண்டும்.

அப்படியானால் எது பலன் தரும்? "எவ்வளவு" என்பதைவிட "நிச்சயமா" என்பதற்குத்தான் மனிதன் பயப்படுகிறான். ஆண்டுக்கு ஒரு தடவை பிடிபட்டு 2,000 கட்டுகிறவன் அதைத் துரதிர்ஷ்டம் என்பான். ஒவ்வொரு தடவையும் 200 கட்டுகிறவன் வேகத்தைக் குறைப்பான். மும்பை–புனே விரைவுச்சாலையில் 2024 முதல் இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிட்டுப் பிடிக்கிறார்கள். ஒளிந்து நிற்க வேண்டிய வேலையே இல்லை. ஆனால் மலையில் அது மட்டும் போதாது. நாலு வளைவைப் பறந்துவிட்டு ஐந்தாவதில் போட்டோ எடுக்க நின்றால் சராசரி தானாகச் சரியாகிவிடுமே!

அதனால் மலைக்குச் சாலைதான் முதல் போலீஸ். வளைவுக்கு முன் ரம்பிள் ஸ்ட்ரிப், திருப்பத்தில் குவி ஆடி, இரவில் ஒளிரும் அம்புக்குறி, உறுதியான தடுப்புச் சுவர், செடி மறைக்காத வேகப் பலகை. அதற்கு அடுத்தது, பைக்குகள் குவியும் சனி, ஞாயிறிலும் வல்வில் ஓரி விழா நாட்களிலும் வளைவுகளுக்கு அருகிலேயே கருவியோடு சோதனை. அடிவாரத்து நேர்ச்சாலையில் ஹெல்மெட் பார்த்து அனுப்பிவிட்டால் மலைமேல் வேகம் குறையாது. இவை எல்லாம் செய்தபிறகும் பறக்கிறவனுக்கு அபராதம் போட்டால், "வசூல்" என்று எவன் வாய் திறப்பான்?

எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வளைவில் அடிபட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அதே எழுபது வளைவுகளிலும் இறங்க வேண்டும். சமவெளியில் கால் மணி நேரத்தில் கிடைக்கிற சிகிச்சை எங்களுக்கு அப்படிக் கிடைக்காது. வேகத்தின் விலை மலைமேல் அதிகம்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்தால் நம்மில் சிலர் நெடுஞ்சாலைத் துறையில் வரைபடம் போடுவோம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் சிலர் மோட்டார் வாகன ஆய்வாளர் ஆவார்கள். பலகை எங்கே நடுவது, கருவியை எப்போது சரிபார்ப்பது, யார் பேரில் வழக்கு எழுதுவது என்ற முடிவெல்லாம் ஒருநாள் நம் மேஜைக்கே வரும். அதுவரை நம் கையில் இருப்பது ஆக்சிலேட்டர் ஒன்றுதான். அடுத்த முறை மலைக்கு வரும்போது எத்தனை நிமிஷம் என்று எண்ணாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, இறங்கும்போது கியரைக் குறைத்து, மெதுவாக வாருங்கள். வாசலூர்பட்டி படகுத்துறை எங்கேயும் ஓடிவிடாது!