நல்லவனுக்குத்தான் நாலு பூட்டு!

பணம் இருக்கிறது. கட்ட மனசும் இருக்கிறது. ஆனால் கட்ட முடியவில்லை!

சென்னையில் இன்று பலர் படும் பாடு இதுதான். மாலை 6 மணிக்குக் கடற்கரை-தாம்பரம் மின்சார ரெயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும். கூட்டத்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி செல்போனையே முறைத்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லோரும் சினிமா பார்ப்பவர்கள் அல்ல. பாங்கியில் இருந்து வரவேண்டிய ரகசிய நம்பருக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு.

"வந்துச்சா சார்?"

"எங்கே வந்துச்சு? டயம்தான் முடிஞ்சு போச்சு. மறுபடி முதல்லேருந்து போடணும்."

கரண்டு பில் கட்ட அன்றுதான் கடைசி நாள். இணைப்பு எண்ணைப் போட்டாயிற்று. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுதியாயிற்று. கார்டு நம்பரும், பின்பக்கத்து 3 இலக்கமும் கொடுத்தாயிற்று. கடைசியில் ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. மறுபடி கேட்டால் பழைய நம்பர் இப்போது வருகிறது. அதைப் போட்டால் "தவறு" என்கிறது. இரண்டு மூன்று தடவை தவறினால் கார்டுக்கே பூட்டு! திறக்க வேண்டுமானால் பாங்கிக்கு நேரில் போக வேண்டும். குமாஸ்தாவுக்கு அரை நாள் லீவு போச்சு.

சவுகார்பேட்டையில் கடைக்குக் கீழே குடோன் வைத்திருப்பவர்கள் கதை வேறு. கீழே சிக்னல் கிடையாது. ரகசிய நம்பரை வாங்க மாடிப்படி ஏறி ரோட்டுக்கு வர வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர், "நேரம் கடந்துவிட்டது, மீண்டும் உள்ளே வரவும்" என்கிறது.

"பத்து வருஷமா அதே திருப்பூர் பார்ட்டிக்குத்தான் பணம் அனுப்பறேன். இன்னும் என்னைச் சந்தேகப்பட்டா எப்படிய்யா?" என்பது கடைக்காரர்களின் புலம்பல். அதில் நியாயம் இருக்கிறது.

பூட்டு வேண்டாம் என்பதல்ல

சோதனையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் கார்டில் அச்சடித்த விவரங்கள் தெரிந்தாலே போதும், யாருடைய பணத்திலும் யாரும் இணையத்தில் சாமான் வாங்கலாம் என்று இருந்தது. 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல், கார்டில் இல்லாத இன்னொரு ரகசியத்தையும் கேட்டாக வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி கட்டாயப்படுத்தியது. நல்ல காரியம்தான். கார்டு தொலைந்தாலும் பணம் தொலையாது என்ற தைரியம் அதனால் வந்தது.

ஆனால் திருடன் சும்மா இருப்பானா? பூட்டை உடைப்பதை விட்டுவிட்டான். வீட்டுக்காரரிடமே சாவியைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்!

"பாங்கியிலேருந்து பேசறோம். உங்க கார்டு இன்னிக்கு ராத்திரியோட கட் ஆயிடும். இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க."

"கரண்டு பில் பாக்கி இருக்கு. ராத்திரி 9 மணிக்கு பீஸைப் பிடுங்கிடுவாங்க. இந்த லிங்கை அமுக்குங்க."

"பழைய சோபாவை நான் வாங்கிக்கறேன். பணம் அனுப்பறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க."

பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவை இல்லை. அனுப்புவதற்குத்தான் அது தேவை. பதற்றத்தில் இது யாருக்கு ஞாபகம் வருகிறது? போட்டுவிடுகிறார்கள். பணம் போய்விடுகிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மேலே சொன்ன மோசடிகளில் பாங்கியின் சோதனை பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நம்பர் சரி. பின் சரி. செல்போனும் சரி. "கணக்குக்காரர்தான்" என்று இயந்திரம் திருப்திப்பட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது!

"நீ யார்?" என்றே கேட்கிறது

இப்போதுள்ள சோதனைகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கின்றன. "நீ யார்?" பாஸ்வேர்டும் அதைத்தான் கேட்கிறது. ஓ.டி.பி.யும் அதைத்தான் கேட்கிறது. "பணம் யாருக்குப் போகிறது தெரியுமா?" என்று உரக்கச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் கவுண்ட்டர் குமாஸ்தா கையெழுத்தை மட்டுமா பார்த்தார்? முகத்தையும் பார்த்தார். மாதாமாதம் 500 ரூபாய் எடுக்கும் பெரியவர் ஒரு நாள் மொத்தப் பணத்துக்கும் ஸ்லிப் எழுதி நீட்டினால், "என்ன பெரியவரே, வீட்டிலே விசேஷமா? யாருக்கு இவ்வளவும்?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அந்த ஒரு வார்த்தைதான் காவல்.

இன்றைக்கு வருகிற குறுஞ்செய்தியைப் பாருங்கள். பல பாங்கிகள் இங்கிலீஷில் அனுப்புகின்றன. பெரும்பாலும் ரகசிய நம்பர்தான் முதலில் நிற்கிறது. எவ்வளவு தொகை, யாருக்கு என்பது பின்னால் எங்கோ ஒளிந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாதே என்ற எச்சரிக்கை கடைசி வரியில். போனில் ஒருவன் அவசரப்படுத்தும்போது முதல் வரியைத் தாண்டிப் படிப்பவர் யார்? இங்கிலீஷ் தெரியாத பூக்கடை அம்மாவுக்கு அது வெறும் 6 இலக்கம். கேட்டவனிடம் சொல்லிவிடுகிறார்.

அதற்குப் பிறகு பாங்கி சொல்லும் பதில்: "நீங்கள்தானே சொன்னீர்கள்?"

ரிசர்வ் பாங்கி 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி வெளியிட்ட உத்தரவு இதைப் பற்றிப் பேசியது. பாங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லாமல் வெளியே யாரோ செய்த மோசடி என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்பவருக்கு நஷ்டம் கிடையாது என்றது. ஆனால் வாடிக்கையாளரே ரகசிய நம்பரைச் சொல்லியிருந்தால், அவர் பாங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான் என்றும் சொன்னது. படிக்க முடியாத மொழியில் எச்சரித்துவிட்டு, எச்சரித்தோமே என்று கை கழுவுவது எந்த ஊர் நியாயம்?

ஒற்றை நூலில் ஊர்ப் பணம்

ஓ.டி.பி. எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி வியாபாரக் குறுஞ்செய்திகளை வடிகட்டும் புது முறை நடைமுறைக்கு வந்தது. விளம்பரத் தொல்லை ஒழியும் என்று பார்த்தால், ஓ.டி.பி.யும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. நாடு முழுவதும் பலர் பணம் கட்ட முடியாமல் தவித்தார்கள். மறுநாளே டிராய் அமைப்பு அந்த முறையை 7 நாளுக்கு நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அதன்பிறகு ரிசர்வ் பாங்கியும் யோசித்திருக்கிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி வெளியிட்ட விதிகளுக்கு 2026 ஏப்ரல் 1-ந் தேதி என்று நாள் குறித்தது. இரண்டு சோதனை வேண்டும். ஆனால் குறுஞ்செய்தி ஓ.டி.பி.தான் என்ற கட்டாயம் இல்லை. பணம் அனுப்பும் இடம், கருவி, வாடிக்கையாளரின் வழக்கம் இவற்றைப் பார்த்து, சந்தேகம் உள்ள இடத்தில் பாங்கி கூடுதல் சோதனை வைக்கலாம். விதிப்படி நடக்காமல் பாங்கி கோட்டைவிட்டு அதனால் நஷ்டம் வந்தால், முழுப் பணத்தையும் பாங்கியே கொடுக்க வேண்டும்.

கவுண்ட்டர் குமாஸ்தா பார்த்த பார்வையைத்தான் இந்த விதி இயந்திரத்திடம் கேட்கிறது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. பாங்கிகள் செய்து காட்ட வேண்டும்.

கேட்பது மூன்றுதான்

ஒன்று: செய்தி தமிழில் வரட்டும். "ரூ.48,000 உங்கள் கணக்கில் இருந்து இன்னாருக்குப் போகப் போகிறது. நீங்கள் அனுப்பவில்லை என்றால் நம்பரைச் சொல்லாதீர்கள்" என்று முதலில் இருக்கட்டும். ரகசிய நம்பர் கடைசியில் வரட்டும்.

இரண்டு: வழக்கமான செல்போனில் இருந்து, வழக்கமான மின்வாரியத்துக்கு, வழக்கமான தொகையைக் கட்டுபவரை ஓட ஓட விரட்டக்கூடாது. நடுராத்திரியில் முன்பின் தெரியாத பெயருக்கு லட்ச ரூபாய் போகிறதா? அங்கே நிறுத்துங்கள். நாலு கேள்வி கேளுங்கள். புது ஆளுக்கு முதல் தடவை கொஞ்சம் காத்திருக்கச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் கோபிக்கமாட்டார்.

மூன்று: பூட்டு விழுந்துவிட்டால், எந்தக் கிளைக்குப் போனாலும் அன்றைக்கே திறந்துவிட வேண்டும். "கணக்கு ஆரம்பித்த ஊருக்குப் போ" என்று மதுரைக்கும் நெல்லைக்கும் அனுப்பக்கூடாது.

அதுவரை வாடிக்கையாளர்கள் இரண்டு விஷயத்தை நினைவில் வைக்கலாம். கடையில் யு.பி.ஐ. மூலம் கட்டிய பணம் கணக்கில் குறைந்து, கடைக்காரருக்குச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தவறினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் பாங்கி தர வேண்டும் என்று 2019-ம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. மோசடியில் பணம் போனால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பாங்கிக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு.

யோக்கியனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டு, திருடனுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது காவல் ஆகாது. பணம் மக்களுடையது. அது யாருக்குப் போகிறது என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்வதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் தேவை இல்லை.

பாங்கி அதிகாரிகள் கவனிப்பார்களா?