துரை பிடித்த வடம்

வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டம் நெருங்கும்போதெல்லாம், கரையாம்புத்தூர்த் தேநீர்க்கடை முதல் கல்லூரி ஆசிரியர் அறைவரை நம் காதில் விழும் பெருமிதம் ஒன்றுண்டு: ‘பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்த தேர்!’ அவ்வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுத் தேரோட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். மதநல்லிணக்கத்திற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அச்சான்றினை நாம் ஏற்பதற்கில்லை.

1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில், டூப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதனை வேதனையோடு பதிந்துள்ளார். கோயிலை இடித்த அதே அரசின் கைதான் தேர்வடத்தையும் பிடித்தது. இடையில் மனம் மாறியிருக்கலாம் எனச் சிலர் வாதிடுவர். இருக்கலாம். ஆயின் ஊர் முழுதும் கூடும் தேரடியில் முதல் ஆளாய் நிற்பது ஆள்வோர்க்கு எக்காலத்தும் பயன் தருவது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அயலவர் நம் விழாவுக்கு வருவதை நாம் வெறுக்கிறோமா? இல்லை. மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்திற்குச் சீனரும் காவடி சுமந்து, தமிழரோடு தமிழராய்ப் படியேறுகின்றனர். அவர்களுக்கெனத் தனி மேடையில்லை, தோளில் சுமையுண்டு. விழாவை உணர்வது அவ்வாறுதான். துரைக்கு நாம் கொடுத்ததோ முதல் மரியாதை. கூட்டத்தின் வியர்வையும் நெரிசலும் அவரைத் தீண்டாதபடி ஒதுங்கி நின்றோம். அவர் பார்வை பட்டதால் நம் தேர் உயர்ந்ததென்று மகிழ்ந்தோம்.

இம்மகிழ்ச்சியின் மறுபக்கத்தைச் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் காணலாம். அங்கே உள்ளூர்த் தலித் மக்கள் தேர்வடம் தொடும் உரிமைக்காக 1998 முதல் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. பல்லாண்டுகள் ஓடாது நின்ற தேர் 2024-இல் ஓடியபோதும் பெருங்காவலோடுதான் ஓடிற்று. கடல்கடந்து வந்தவருக்குக் கேளாமலே நீட்டப்பட்ட வடம், பக்கத்துத் தெருக்காரர்க்கு வழக்காடியும் எளிதில் எட்டவில்லை. இதனையா நல்லிணக்கம் என்பது?

பிரெஞ்சு ஆட்சி 1954-இல் அகன்றது. அயலார் மெச்சினால்தான் நம் விழாவுக்கு மதிப்பு என்னும் எண்ணம் அகன்றபாடில்லை. அடுத்த முறை வெளிநாட்டு விருந்தினரை மாலையிட்டு முன்வரிசையில் நிறுத்துமுன், நம் ஊர்த் தேர் எந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை, எவர் கை வடத்தில் படுவதில்லை என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அதற்கு விடை சொல்ல நா எழாதெனில், துரை பிடித்த வடத்தைப் பற்றிப் பேசாதிருப்போம்.