சிறுத்தை நெரிசல்

இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்குள் நுழையும் ஜீப்புகளுக்கு ஒரே மிருகம்தான் தெரியும்: சிறுத்தை. எங்கோ கிளையில் வால் தொங்குவதாகக் கைபேசி சொன்னால் போதும், வண்டிகள் செம்புழுதி கிளப்பிப் பறக்கும். குளக்கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையை யார் பார்க்கிறார்கள்? எனக்கென்னவோ பட்டனங்கலதான் யால. கடலோரப் பாறையடியில், ஜீப்பைவிட்டு இறங்கவிடும் அபூர்வ இடம். 2004 சுனாமி அடித்துப்போன விடுதியின் அடித்தளம் இன்னும் மணலில் தெரிகிறது. பக்கத்தில் அலைபோல் வளைந்த உலோக நினைவுச்சின்னம். மனிதர்கள் பலர் மாண்ட அன்று, விலங்குகளின் சடலங்கள் அதிகம் கிடைக்கவில்லையாம். முன்கூட்டியே தெரிந்துகொண்டனவோ என்னவோ. பத்து நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன். "சேர், சிறுத்தை!" என்று ஹாரன் அடித்தார் டிரைவர்.