வளர்ச்சிக்கு ஒரு வரம்பு

நாஞ்சில் நாடு குளங்கள் மலிந்த நாடு. பேச்சிப்பாறை அணையின் நீரும் பழையாற்றின் நீரும் கால்வழியே ஓடிக் குளங்களை நிறைக்கும். குளத்து நீர் மடைவழியே வயலுக்குப் பாயும். அக்குளங்களிற் பூக்கும் தாமரையை நாம் அறிவோம். அங்கு வந்து தங்கும் பறவைகளையும் அறிவோம். சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. பறவை காண்பதற்கென்றே தொலைவிலிருந்து வருவாரும் உளர். ஆயினும், நீருக்குள் பாசியைப் பற்றிக்கொண்டு வாழும் ஒரு சிற்றுயிரைக் காண வருவார் இலர். அதன் பெயர் ஹைட்ரா.

நான் உயிர்நூல் கற்றவன் அல்லேன், தமிழ் கற்றவன். சென்ற மார்கழியில் என் பெயர்த்தி ஊர்க்குளத்து நீரையும் சிறிது பாசியையும் கண்ணாடிக் குடுவையில் முகந்து வந்து சன்னலோரம் வைத்தாள். நீர் தெளிந்ததும் பூதக்கண்ணாடியை என் கையிற் கொடுத்து, “பாருங்கள், தாத்தா” என்றாள். பாசியில் ஒரு நூலிழை தொங்கிற்று. நீளம் கால் அங்குலமும் இராது. ஒரு முனை பாசியைப் பற்றியிருந்தது. மறுமுனையில் வாயும், வாயைச் சூழ ஆறு மெல்லிய கைகளும் இருந்தன. நீர்த்தெள்ளு ஒன்று தத்தி வந்து ஒரு கையிற் பட்டது. பட்ட அளவில் துடிப்படங்கிற்று. கைகளில் உள்ள கொட்டும் உயிரணுக்களின் நஞ்சே அதற்குக் காரணம் என்று பெயர்த்தி சொன்னாள்.

“தொல்காப்பியர் கணக்கில் இதற்கு எத்தனை அறிவு?” என்று அடுத்துக் கேட்டாள். புல்லும் மரமும் ஓரறிவின. நத்தை முதலியன ஈரறிவின என வகுத்தவர் அவர். நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால், ‘எல்லாம் நம் நூலிலேயே உளது’ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பூதக்கண்ணாடி தொல்காப்பியர் காலத்தில் இல்லை. கண்ணாற் காணக்கூடியவற்றைக் கொண்டு அவர் வகை செய்தார். காணாததையும் கண்டார் என்று நாம் சாற்றுவது அவருக்குப் பெருமை ஆகாது.

ஹைட்ராவின் இயல்பை உலகறியச் செய்தவரும் ஓர் ஆசிரியரே. ஜெனீவா நகரத்தவரான ஆபிரகாம் டிரெம்பிளே, ஒல்லாந்து நாட்டில் ஹேக் நகரையடுத்த மாளிகை ஒன்றில் இரு சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வந்தார். 1740-ஆம் ஆண்டில் அங்கிருந்த நீரில் பச்சை நிறமான இவ்வுயிரைக் கண்டு, இது செடியோ விலங்கோ என ஐயுற்றார். செடியாயின் வெட்டிய துண்டு தழைக்கும். விலங்காயின் மாயும் என்று எண்ணி இரண்டாகத் துணித்தார். இரு துண்டும் இரண்டு முழு உயிர்களாயின. அவையோ நகர்ந்தன, இரை பிடித்தன, விலங்கென்பதில் ஐயமில்லை. தம் ஆராய்ச்சியை 1744-இல் அவர் நூலாக வெளியிட்டார். தலையை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கக் கதைப் பாம்பின் பெயர் இதற்கு வாய்த்தது பொருத்தமே.

துண்டு முழுமையாவது வியப்புத்தான். எனக்கோ, முழுமையானவுடன் அது நின்றுவிடுவது அதனினும் பெரிய வியப்பாகத் தோன்றுகிறது. தலையிழந்த உடல் இரண்டு மூன்று நாளில் தலை பெறுகிறது. அதன்பின் இன்னொன்று முளைப்பதில்லை. ‘போதும்’ என்று அதற்குச் சொன்னவர் யார்?

இவ்வினா எளிதன்று. ஹைட்ராவின் நடுவுடலில் உயிரணுக்கள் ஓயாது பிரிகின்றன. மூன்று நான்கு நாளுக்கொருமுறை இரட்டிக்கின்றன. மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்: இந்த வேகத்தில் ஒரு திங்களில் அது நூறு மடங்குக்கும் மேற்பட வேண்டும். படுவதில்லை. இரை மிகுந்த காலத்தில், மிஞ்சிய உயிரணுக்கள் பக்கத்தில் மொட்டாகத் திரண்டு, சேயாகிப் பிரிந்து போகின்றன. சில கைநுனியிலும் அடிமுனையிலும் உதிர்கின்றன. பட்டினிக் காலத்திலோ, பிரிவு நின்றுபோகும் என்று நாம் நினைப்போம். 1984-இல் பாஷ், டேவிட் என்னும் இரு அறிஞர்கள் எண்ணிப் பார்த்தபோது, பிரிவு அவ்வளவாகக் குறையவில்லை; மிகையான உயிரணுக்களை அண்டை உயிரணுக்களே விழுங்கி உணவாக்கிக் கொண்டன. வரவு குறைந்த வீட்டில் செலவை அடக்கும் இல்லாளும் இத்துணைக் கடுமை காட்டமாட்டாள்!

இந்தக் கட்டளை பிறக்கும் இடத்தை முதலிற் காட்டியவர் எதெல் பிரவுன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1909-இல் அவர் ஒரு ஹைட்ராவின் வாயருகிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மற்றொன்றின் விலாவில் ஒட்டினார். அவ்விடத்தில் புதிய தலையும் உடலும் கிளைத்தன. இரண்டும் நிறம் வேறான ஹைட்ராக்கள். ஆகவே, புதிய கிளையில் துணுக்கின் உயிரணுக்களோடு, இடந்தந்த உயிரின் உயிரணுக்களும் சேர்ந்திருப்பது தெரிந்தது. துணுக்குத் தான் வளர்ந்ததோடு நில்லாமல், பிறரையும் ஏவிற்று. 15 ஆண்டுகள் கழித்து, 1924-இல், நீர்ப்பல்லியின் கருவில் இத்தகைய ஏவலை ஸ்பெமானும் ஹில்டே மாங்கோல்டும் காட்டினர். 1935-இல் ஸ்பெமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்னவரான பிரவுனின் பெயரைப் பாடநூல்கள் பல சொல்வதே இல்லை. இது முறையன்று.

தலையிலிருந்து இருவகைச் செய்திகள் புறப்படுகின்றன என்று 1972-இல் கீரர், மைன்ஹார்ட் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் கணக்கு வழியே விளக்கினர். ‘தலையாகு’ என்பது ஒன்று. அது அருகிலேயே நின்றுவிடும். ‘வேறு தலை வேண்டா’ என்பது மற்றொன்று. அது தொலைவு செல்லும், செல்லச் செல்ல மெலியும். நாஞ்சில் நாட்டு உழவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் நீர் பெருகி ஓடும்; கடைமடையில் கசிந்து வரும். வருகிற நீரைப் பார்த்தே தன் வயல் எங்கிருக்கிறது என்று ஒருவன் சொல்லிவிடலாம். உயிரணுவும் தன்னிடம் வந்து சேரும் செய்தியின் வலிமை கொண்டு தன் இடத்தை அறிகிறது. தலைக்கு நெருங்க ஒட்டிய துணுக்குப் பெரும்பாலும் தலையாவதில்லை. இருக்கும் தலையை அறுத்துவிட்டால் அத்தடை நீங்குகிறது.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தமக்கையார் பெருங்குடற் புற்றுநோயால் இறந்தார். “உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன” என்றார் மருத்துவர். அவர் சொன்னது மெய்யே. ஆயினும், அக்கட்டுப்பாடு முன்னர் எங்கிருந்தது, எவ்வாறு அவிழ்ந்தது என்ற வினா பல்லாண்டுகளாக என் நெஞ்சில் கிடந்தது.

1982-இல் சுண்டெலியின் மார்புக் கட்டியிலிருந்து ஒரு மரபணு கண்டறியப்பட்டது. பழ ஈயில் சிறகமைக்கும் மரபணுவும் அதுவும் ஒன்றே எனப் பின்னர்த் தெரிந்தது. அக்குடும்பத்து மரபணுக்கள் ஆக்கும் செய்திப் புரதங்களுக்கு விண்ட் என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஹைட்ராவில் அதனைத் தேடியபோது, அது தலையின் உச்சியில் இருந்தது. பிரவுன் வெட்டியெடுத்தது அவ்விடத்தைத்தான்! மனிதர் குடலில் நாள்தோறும் புதிய உயிரணுக்கள் தோன்றுவதும் இச்செய்தியால். பெருங்குடற் புற்றுநோயாளர் பெரும்பாலாரிடம், இச்செய்தியை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று பழுதுற்றிருக்கிறது. செய்தி வராதபோதும் வந்ததாகவே உயிரணு கொள்கிறது, பிரிந்துகொண்டே போகிறது. வரம்பு உடைந்த வயல் போலாகிறது உடல். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பிரிந்துபோன இரு குலங்கள், நாமும் ஹைட்ராவும். இன்னும் ஒரே சொல்லால் உயிரணுக்களை ஏவுகிறோம். ஹைட்ராவுக்கும் கட்டி உண்டாகும் என்று 2014-இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர் கண்டனர்.

தெப்பக்குளப் படியில் மாலைதோறும் என்னுடன் அமரும் நண்பர், “புழுவினும் கீழான ஒன்றை வெட்டிப் பார்க்கப் பொதுப்பணமா?” என்று கேட்டார். டிரெம்பிளே புற்றுநோயை நினைத்து வெட்டவில்லை, பிரவுனும் நினைக்கவில்லை. பயன் இன்னதென்று முன்னரே எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று அந்நாளில் ஒருவர் கூறியிருந்தால், என் வினாவுக்கு இன்றும் விடை இராது. அதற்காக, ஹைட்ராவால் புற்றுநோய் தீர்ந்துவிட்டது என்று எவரேனும் எழுதினால் நம்பாதீர்கள், தீரவில்லை. வினாவின் வடிவம் தெளிந்திருக்கிறது. அதுவே பெரும்பொருள் என்பது என் துணிபு.

இத்தகைய ஆய்வு அயல்நாட்டார்க்கே உரியதும் அன்று. புனே நகரத்து அகர்க்கர் ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வூர் நீர்நிலையின் ஹைட்ராவையே வளர்த்து ஆராய்கிறார்கள். முதுகெலும்புடைய உயிர்களின் கருவில் உடலமைக்கும் ‘நோகின்’ என்னும் மரபணுவை ஒத்த ஒன்றை அங்குள்ளோர் ஹைட்ராவிற் கண்டனர். அதனைத் தவளைக் கருவில் இட்டபோது அங்கும் அது வினை செய்தது. புனே நீரில் உள்ளது நம் குளத்து நீரிலும் உள்ளது. வேண்டுவன ஒரு குடுவையும் ஒரு பூதக்கண்ணாடியும் சிறிது பொறுமையுமே.

குளமும் வேண்டும். ஹைட்ரா தூய நீரில் வாழ்வது. செம்பு போன்ற உலோகங்கள் நீரில் மிகச் சிறிது கலந்தாலும் அதன் கைகள் சுருங்கிக் குறுகும். மிகுந்தால் உடலே கரைந்து போகும். நன்செயைத் தூர்த்து மனையாக்கும் வேகத்தில் நாம் குளங்களையும் விட்டுவைப்பதாகத் தெரியவில்லை.

குடுவையிலிருந்த ஹைட்ரா நான்காம் நாள் ஒரு சேயைப் பிரித்துவிட்டது. தாயும் சேயும் அருகருகே தொங்கின. பொங்கலுக்கு முன்னாள் பெயர்த்தி அவற்றைக் குளத்திலேயே விடப் புறப்பட்டாள். நானும் உடன் சென்றேன். எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ளது தென்கரை. அங்குச் சாக்கடை நீர் வந்து சேர்கிறது. ஆதலால் இருவரும் சுற்றிக்கொண்டு வடகரைக்கு நடந்தோம்.