வண்டியை மாத்தணுமா, ஓட்டுறதை மாத்தணுமா?

சித்தி போன் பண்ணினால் பெரும்பாலும் என் கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும். அன்றைக்கு வேறு விஷயம். "கண்ணு, நீ பத்திரிகையில இருக்கிறவ, நாலும் தெரிஞ்சவ. தம்பி ஒரு லிஸ்ட் வெச்சிருக்கான். என்னன்னு பார்த்துச் சொல்லு. சீட்டு எடுத்த பணத்தை முழுசா அதுக்கே கேக்கறான்."

ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வந்தது. லோயரிங் ஸ்பிரிங், அலாய் வீல், ரேஸ் டயர், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், எஞ்சின் ரீமேப். கடைசி வரியில் மொத்தம் 1,40,000 ரூபாய். வண்டி எது? செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்ட். காலையில் சித்தி மகன் வேலைக்குப் போவது அதில்தான், சித்தப்பாவை மாதம் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போவதும் அதில்தான்.

விஷயம் இதுதான். போன மாதம் கோவைக்கு வெளியே நடந்த ஓர் ஆட்டோகிராஸில் கலந்துகொண்டிருக்கிறான். 14 பேரில் 11-வது இடம். "வண்டி இழுக்கலக்கா. மத்தவங்க வண்டியெல்லாம் ரெடி பண்ணினது" என்றான். அடுத்த போட்டி ஞாயிற்றுக்கிழமை. வேறு வழியில்லாமல் நானும் பஸ் ஏறினேன்.

ஆட்டோகிராஸ் என்றால் தெரியாதவர்களுக்காக: ஒரு பெரிய காலி மைதானம். அதில் ரோட்டில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். முந்துவது, உரசுவது எதுவும் கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ரவுண்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோனைத் தட்டினால் 2 வினாடி அபராதம், பாதையைத் தவறவிட்டால் அந்த ரவுண்டே செல்லாது. நம் ஊரில் இது பெரும்பாலும் மண் தரையில் நடக்கும். நான் போனது சிமென்ட் தளம் போட்ட மைதானம். ஃபார்முலா ஒன் கனவோடு போனால் ஏமாந்துபோவீர்கள். பல வண்டிகள் ரவுண்டு முழுக்க இரண்டாவது கியரைத் தாண்டுவதே இல்லை.

காலையில் முதல் வேலை, நடப்பது. ஆமாம், கால்நடையாகத்தான். ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை, பாதையை நடந்து பார்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். தம்பி ஒருமுறை விறுவிறுவென்று நடந்துவிட்டு வந்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஒரு காலேஜ் பெண் மட்டும் ஒவ்வொரு கோன் பக்கத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து, கையால் காற்றில் ஸ்டீயரிங் பிடித்து, அதே பாதையை நான்கு முறை நடந்தாள்.

அவளிடம் சொந்தக் கார் இல்லை. இரண்டு வருடமாக யார் வண்டி கொடுக்கிறார்களோ அதில் ஓட்டுகிறாளாம். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்று அங்கே விதி. அமெரிக்காவிலும் இந்தப் பழக்கம் சாதாரணம். அன்றைக்கு அவளுக்கு வண்டி கொடுப்பதாகச் சொன்னவர் வரவில்லை. போட்டி நடத்துபவர் தம்பியிடம் கேட்டார். எல்லார் முன்னாலும் முடியாது என்று சொல்ல முடியாமல் சாவியைக் கொடுத்தான்.

காலையில் ஆளுக்கு இரண்டு ரவுண்டு. தம்பியின் சிறந்த நேரம் 55.9 வினாடி. அதே வண்டி, அதே டயர், அதே பெட்ரோல். அவள் 51.6.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டயர் இப்பதான் சூடாச்சுக்கா, அதான் பிடிக்குது" என்றான். மதியம் அவள் ஓட்டி முடித்து இறங்கிய கையோடு, சூடு ஆறும் முன்பே இவன் ஏறினான். 55.1. டயர் சூடாக இருந்ததால் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அவனுக்கு இன்னும் ஒரே ஒரு ரவுண்டு பாக்கி. அவள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஓடும்முன் சொன்னது இரண்டே விஷயம். "கோனைப் பார்த்தா கோன் மேலதான் போவீங்கண்ணா. அதுக்கு அடுத்த கோனைப் பாருங்க." அப்புறம், "வளைவுக்குள்ள போயி பிரேக் போடறீங்க. முன்னாடியே போட்டு முடிச்சிருங்க. உள்ள போனப்புறம் வண்டியைத் திருப்பற வேலை மட்டும் பாருங்க."

53.2. காலையில் இருந்ததைவிட 2.7 வினாடி குறைவு, செலவு பூஜ்யம்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். டயர் வாங்கினாலும் நேரம் குறையும்தானே? எது எவ்வளவு குறைக்கும்? பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் படித்ததை வைத்து பஸ்ஸில் திரும்பி வரும்போது போனிலேயே கணக்குப் போட்டேன். ஒரு வளைவில் கார் சறுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: டயரின் பிடிமானம், வளைவின் ஆரம். (சமதளத்தில் இந்தக் கணக்கில் வண்டியின் எடை அடிபட்டுப் போய்விடும். நிஜத்தில் எடை குறைந்தால் லாபம் உண்டு, அது வேறு காரணங்களால்.) 15 மீட்டர் ஆரமுள்ள வளைவு, சாதா டயர், உராய்வு எண் 0.9 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு சுமார் 41 கி.மீ. வேகம் வரை போகலாம். நல்ல ஒட்டும் டயர் போட்டு அந்த எண் 1.1 ஆனால் சுமார் 46 கி.மீ.

சரி, டயரை மாற்ற வேண்டாம். பழைய டயரிலேயே, வளைவின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் கோனை உரசுகிற மாதிரி போய், மறுபடி வெளி ஓரத்துக்கு வந்தால் வண்டி போகிற பாதை பெரிய வட்டமாகிறது. 15 மீட்டர் ஆரம் 18 ஆனால் வேகம் சுமார் 45 கி.மீ. மூன்று மீட்டர் ஆரம் கூடியதற்கும் ஒரு செட் ரேஸ் டயருக்கும் வித்தியாசம் ஒரு கி.மீ.தான்! கொஞ்சம் தூரம் கூடும், எல்லா வளைவிலும் அவ்வளவு இடமும் இருக்காது. ஆனாலும் லிஸ்டில் டயருக்கு நேராக இருந்த தொகை ஞாபகம் வந்தது.

எஞ்சின் ரீமேப் இன்னும் பாவம். முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிற நேரமே ஒரு ரவுண்டில் கொஞ்சம்தான். அதற்குள் அடுத்த கோன் வந்துவிடும். வண்டி நிற்பதும் திரும்புவதும்தான் இங்கே முக்கியம், பாய்வது கடைசி. எக்ஸாஸ்ட் போட்டால் சத்தம் நிச்சயம் வரும், அதற்கு நான் உத்தரவாதம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ வண்டிக்குச் செலவு செய்வதெல்லாம் வீண்" என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டாம். அன்றைக்கு முதல் இடம் வந்தவர் 49.8. அவருடைய வண்டியில் ஒட்டும் டயரும் இருந்தது, மாற்றிய சஸ்பென்ஷனும் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அவர் வண்டியை உன்னிடம் கொடுத்தால்? "கிட்ட வருவேன், ஆனா இந்த வண்டில அவரைப் பிடிக்க முடியாதுங்க்கா" என்றாள், தயங்காமல். ஓட்டத் தெரிந்த இருவருக்கு நடுவில் வித்தியாசம் அரை வினாடி, கால் வினாடி என்று சுருங்கும்போது டயர்தான் தீர்ப்பு சொல்லும். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, தன் ஆட்டோகிராஸ் போட்டிகளில் கார்களைப் பல வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பில் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பக்கம் பக்கமாக விதி எழுதி வைத்திருப்பது இதனால்தான். வெவ்வேறு வகுப்பு வண்டிகளை ஒப்பிட அங்கே ஓர் எண் முறைகூட உண்டு. வேகமான வண்டிக்குப் பெரிய எண், மெதுவான வண்டிக்குச் சின்ன எண். ஓடிய நேரத்தை அதனால் பெருக்கிப் பார்த்தால், யார் வண்டியால் ஜெயித்தார், யார் கையால் ஜெயித்தார் என்று ஓரளவு தெரிந்துவிடும். அவர்களுடைய தேசியப் போட்டி 2009-ல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகருக்கு மாறியது. நடக்கும் இடம், பழைய விமானப்படைத் தளத்தின் காங்கிரீட் மைதானம். நம் சோழவரத்தில் பழைய ரன்வேயில் ரேஸ் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

வண்டியின் வித்தியாசத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவையிலேயே உதாரணம் இருக்கிறது. எஸ்.கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்கள். மாருதி 800 எஞ்சின் வைத்த ஒற்றை சீட் வண்டிகள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, அதில் ஜெயித்துக் காட்டு என்பதுதான் கணக்கு. அங்கே ரேஸை ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர்.

தம்பியின் பிரச்னை அரை வினாடி அல்ல, நான்கு வினாடி. அவன் அன்றைக்கு ஓட்டிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். நான்கு ரவுண்டும் சேர்த்து நான்கு நிமிடம்கூட இல்லை! ஒரு முழு நாள் வெயிலில் காய்ந்து, நான்கு நிமிடம் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். லிஸ்டில் இருந்த 1,40,000-க்கு எத்தனை போட்டிகளின் என்ட்ரி ஃபீஸ் கட்டலாம் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, மறுபடி பேசாமல் இருந்தான்.

டயர் விஷயத்தில் அந்தப் பெண் சொன்ன இன்னொன்றும் முக்கியம். சாதா டயர் சறுக்கும் முன் கீச்சென்று கத்தும், எல்லை நெருங்குகிறது என்று அதுவே சொல்லிக் கொடுக்கும். ஒட்டும் டயர் ஓட்டுபவரின் தப்பையெல்லாம் மூடி மறைத்துவிட்டு, விடும்போது அதிக வேகத்தில் விடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தக் கத்தல்தான் வாத்தியார்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை வேறு இருந்தன. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி, ஜாக்கியோடு சித்தியின் இரண்டு குடை, ஒரு அரிசிப் பை, கோயிலுக்கு வாங்கிய எண்ணெய் கேன். எல்லாவற்றையும் இறக்கினோம். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டினால், எதுவரை கோடு அழிந்திருக்கிறது என்று பார்த்து காற்றின் அளவைச் சரிசெய்யலாம். பக்கவாட்டுச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

சித்திக்கு நான் தனியாகச் சொன்னது இரண்டு. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். இரண்டு, இன்ஷூரன்ஸ். உங்கள் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்டிருக்கும். மைதானத்தில் கோனைத் தாண்டி எதையாவது இடித்தால் செலவு நம் தலையில்தான். "அப்ப ஓட்டவே வேண்டாம்னு சொல்லிரலாமா?" என்றார் சித்தி ஆசையாக. நான் சொல்லவில்லை. தனியாக ஒரு வண்டி மட்டும், கொடி பிடிக்க ஆள், தலையில் ஹெல்மெட். இவன் வேகத்தை பைபாஸில் காட்டுவதைவிட அந்த மைதானத்தில் காட்டட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நானும் ஒரு ரவுண்டு ஓட்டினேன், போட்டிக்கு வெளியே. நேரத்தைச் சொல்லப்போவதில்லை. ஏழு கோன்.

புதன்கிழமை ராத்திரி புது லிஸ்ட் வந்தது. நல்ல பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றுவது, அடுத்த நான்கு போட்டிகளுக்கான என்ட்ரி. டயருக்கு நேராக "அடுத்த வருஷம்?" என்று கேள்விக்குறி. எக்ஸாஸ்ட் மட்டும் இன்னும் அழியவில்லை, அடைப்புக்குறிக்குள் சின்னதாக இருந்தது. என்ட்ரி ஃபீஸ் கணக்கில் ஒரு கூட்டல் தப்பு என்று நினைத்து போன் பண்ணினேன்.

"தப்பில்லக்கா, ரெண்டு பேருக்குப் போட்டிருக்கேன். அந்தப் பொண்ணும் இந்த வண்டிலதான் ஓட்டுது. பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கணும்னு பேச்சு."

பின்னால் சித்தியின் குரல் கேட்டது. எத்தனை பேருக்குப் புளிசாதம் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.